வெளிக்கூண்டு

சமயநல்லூரில் பேருந்தை விட்டு இறங்கி, ரயில் பாதையைத் தாண்டி, கருவேல மரங்களுக்கு நடுவே கால் மணி நேரம் நடந்தால் எங்கள் காப்பகத்தின் கம்பிவேலி தெரியும். அதற்கும் முன்னால், வேலிக்கு வெளியே, வேப்ப மரத்தடியில் ஓர் இரும்புக் கூண்டு நிற்கிறது. தகரக் கூரை, தரையில் சாக்கு, மூலையில் மண்சட்டியில் தண்ணீர். அதன் தாழ்ப்பாள் தூக்கியிருந்தால் கூண்டு காலி. விழுந்திருந்தால் உள்ளே ஒரு நாய் இருக்கிறது. எட்டு ஆண்டுகளாகக் காலை ஏழரை மணிக்கு நான் முதலில் பார்ப்பது அந்தத் தாழ்ப்பாளைத்தான். தூக்கியிருந்தால் என் நடை கொஞ்சம் இலகுவாகும். விழுந்திருந்தால் பையைத் தோள் மாற்றிக்கொள்வேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் அறுபத்தேழு வயதில், இரக்கத்துக்கு முன்னால் அசதி வந்துவிடுகிறது.

காப்பகத்தில் நாங்கள் மூவர். நிலம் டாக்டரின் குடும்பத்துடையது. அவர் கால்நடை மருத்துவர், என் மகளாக இருக்கக்கூடிய வயது, நகரத்தில் வேலை. செவ்வாயும் வெள்ளியும் மாலையில் வருவார். பக்கத்து ஊரிலிருந்து ஓர் அம்மாள் விடியற்காலையில் வந்து நாய்களுக்குச் சமைப்பார். மற்றதெல்லாம் நான். மதுரையில், தல்லாகுளத்தில் தனியாக இருக்கிறேன். ஒரு கல்லூரி நூலகத்தில் முப்பது ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். பாடம் நடத்தாமல் புத்தகங்களுக்கு நடுவே ஒருத்தி சம்பளம் வாங்கினாள் என்பதைச் சமையல் அம்மாள் நம்பவே இல்லை. அவருக்கு நான் டீச்சர்தான். அவரைக் கேட்டு ஊருக்கும் நான் டீச்சர்.

எங்களிடம் இருப்பவை வேட்டை நாய்கள் மட்டும். இந்தப் பக்கத்து இனங்களான சிப்பிப்பாறை, கன்னி, இப்போது பந்தயத்துக்கென்று அவற்றோடு கலக்கப்படும் வெளிநாட்டுக் கிரேஹவுண்டு. நீண்ட முகம், ஒட்டிய வயிறு, தோலுக்கும் எலும்புக்கும் நடுவே எதுவும் வைக்காமல் செய்து முடித்தது போன்ற உடல். எவ்வளவு உண்டாலும் அவை பசித்தவை போலத்தான் நிற்கும்.

"இம்புட்டுச் சோறு வடிச்சுப் போடுறேன். பஞ்சத்துல அடிபட்டது மாதிரியே நிக்குதுக," என்பார் சமையல் அம்மாள். "ஊர்ல என்னயில்ல பேசுறாக, அரிசிய வீட்டுக்குத் தூக்கிட்டுப் போறேன்னு. ஒன்னாச்சும் கொஞ்சம் தொந்தி போட்டாத்தான் என்ன?"

அறுவடை முடிந்த வயல்களில் முயலை விரட்டுவதற்காக வளர்க்கப்பட்டவை இவை. முயல் வேட்டை சட்டப்படி குற்றம். ஆனாலும் தையிலும் மாசியிலும் வயல்கள் வெறுமையானதும் நாய்கள் அவிழ்த்துவிடப்படுகின்றன. சிவராத்திரியை ஒட்டிச் சில ஊர்களில் அது சாமி காரியமும்கூட. ஓடுகிற வேகத்தில் ஒன்று வரப்பில் கால் முறிக்கும், ஒன்று முள்வேலியில் வயிறு கிழியும். அல்லது வனத்துறையினர் வருகிறார்கள் என்று பேச்சு அடிபடும். அப்போது நாய் வீட்டில் இருக்கக்கூடாத பொருளாகிவிடும். நாற்கரச் சாலை ஓரத்தில் கட்டிப் போட்டுப் போவார்கள். பாழுங்கிணறுகளிலிருந்தும் நாங்கள் எடுத்திருக்கிறோம்.

வெளிக்கூண்டு என் யோசனை. எங்கள் நூலகத்தின் வாசலுக்கு வெளியே ஒரு மரப்பெட்டி உண்டு. தவணை கடந்த புத்தகத்தை, கிழிந்த புத்தகத்தை, யார் முகத்தையும் பார்க்காமல் அதில் போட்டுவிட்டுப் போகலாம். ஏன் கிழிந்தது என்று கேட்டால் அந்தப் பையன் அடுத்த புத்தகத்தைத் திருப்பியே தர மாட்டான் என்பதை அந்த வேலை எனக்குக் கற்றுக்கொடுத்திருந்தது. அதையே இங்கும் செய்தேன். நாயைக் கொண்டுவந்து விடுகிறவர்களிடம் பெயர் கேட்பதில்லை, ஊர் கேட்பதில்லை, தொலைபேசி எண் வாங்குவதில்லை. தாழ்ப்பாளைப் போட்டுவிட்டுப் போனால் போதும்.

இன்னொரு விதியும் உண்டு. வேட்டைக்காரரின் வீட்டுக்கு எந்த நாயும் திரும்பிப் போகாது. இது பட்டுக் கற்றது. தொடக்கத்தில் ஒருவர் அழுதுகொண்டு வந்து தன் மயிலை நிற நாயைக் கேட்டார். கொடுத்தேன். அடுத்த தையில் அதே நாய், அதே கயிற்றோடு, குடல் தெரியக் கூண்டில் கிடந்தது. அன்றிலிருந்து அழுகிற ஆண்களை நம்புவதை விட்டேன்.

நான் சொல்ல வந்த ஆண்டு மாசியில் தொடங்குகிறது. சிவராத்திரிக்கு மூன்றாம் நாள் தாழ்ப்பாள் விழுந்திருந்தது. உள்ளே ஒரு செவலைப் பெட்டை. நான்கு வயதிருக்கும். முன்னங்கால் முறிந்திருந்தது. ஆனால் முறிவின் இருபுறமும் மூங்கில் பத்தை வைத்து, பழைய வேட்டியை ஒரே அகலத்தில் கிழித்து, சுற்றுக்குச் சுற்று இடைவெளி தவறாமல் கட்டியிருந்தது. எங்கள் சாக்கின் மேல் புதிதாக இன்னொரு சாக்கை நான்காக மடித்து விரித்திருந்தார்கள். இதையெல்லாம் அன்றே பார்த்தேன், குறிப்பேட்டிலும் எழுதினேன். யோசிக்கவில்லை.

டாக்டர் எலும்புக்குள் கம்பி வைத்துக் கட்டினார். கொழுப்பில்லாத இந்த உடல்களுக்கு மயக்க மருந்தை அளந்து கொடுத்தாலும் தெளிய வெகுநேரம் ஆகும். அந்த நேரம் முழுதும் நான் அதன் தலையை மடியில் வைத்திருந்தேன். கண் திறந்ததும் என்னைப் பார்த்தது. பிறகு, மரியாதையோடு என்றுதான் சொல்ல வேண்டும், தலையை எடுத்துத் தரையில் வைத்துக்கொண்டது.

நாய்களுக்கு நாங்கள் பெயர் வைப்பதில்லை. எடுத்துப் போகும் வீட்டார் வைப்பார்கள். அதுவரை நிறம்தான். இவள் செவலை. கையிலிருந்து எதையும் வாங்க மாட்டாள். தட்டை வைத்துவிட்டு எல்லோரும் விலகிப் போன பின், வேண்டாவெறுப்பாகக் கொஞ்சம் தின்பாள். "மகாராணிக்குத் திரை போட்டு விடணும் போல," என்று சமையல் அம்மாள் முகவாயைத் தோளில் இடித்துக்கொள்வார். மருந்தைச் சோற்றில் மறைத்தால் சோறே கிடக்கும்.

பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, குட்டியானை என்று இங்கே எல்லோரும் சொல்லும் சிறு சுமைவண்டி ஒன்று வேப்ப மரத்தடியில் வந்து நின்றது. பின்னால் காலி வெங்காயப் பெட்டிகள். ஓட்டி வந்தவருக்கு நாற்பது வயது இருக்கும். வேலியருகே வந்து செருப்பைக் கழற்றி விட்டு நின்றார்.

"திருமங்கலத்துக்கு அங்கிட்டு நம்ம ஊரு டீச்சரம்மா. செவலை ஒன்னு இங்க இருக்குல்ல? சும்மா பாத்துட்டுப் போகலாம்னு."

அவர் குரல் கேட்டதும், பத்தடி தள்ளி நிழலில் நின்றிருந்த செவலை அப்படியே தரையோடு படுத்துவிட்டாள். காதுகள் பின்னால் ஒட்டின. மோவாய் மண்ணில். கண்கள் அவரைப் பார்க்கவில்லை, பக்கவாட்டில் எங்கோ திரும்பியிருந்தன. தோள்பட்டை மெல்ல நடுங்கியது. அடிபட்ட நாய்களை எட்டு ஆண்டுகளாகப் பார்த்தவள் நான். குச்சியை எடுத்தால் ஒடுங்குவது, வண்டிச் சத்தத்துக்குச் சிறுநீர் விடுவது, ஆண் குரலுக்கு மூலையில் போய் முகம் புதைப்பது, எல்லாம் தெரியும். பார்த்தவுடன் முடிவு செய்தேன்.

"நீங்கள்தான் விட்டுவிட்டுப் போனீர்களா?"

"நாந்தான்."

"பார்த்தீர்கள் அல்லவா, உங்கள் சத்தம் கேட்டாலே எப்படி ஆகிறது என்று?"

அவர் நாயைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "கால் எப்புடிங்க இருக்கு?" என்று மட்டும் கேட்டார்.

"கூடும். ஆனால் திருப்பித் தரும் வழக்கம் இங்கே இல்லை."

"சரிங்க," என்றார். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டே வண்டிக்குப் போனார். அன்று செவலை தட்டைத் தொடவில்லை. குறிப்பேட்டில் எழுதினேன்: பழைய உரிமையாளர் வந்தார், கடும் பயம்.

சித்திரை வந்தது. இந்த நாய்களுக்கு மதுரை வெயில் பகை இல்லை என்று எழுதி வைத்திருக்கிறார்கள். ஓடும் நாய்க்கு அது சரியாக இருக்கலாம். கிடக்கிற நாய்க்கு இல்லை. சாக்குகளை நனைத்துக் கொட்டகையைச் சுற்றிக் கட்டினோம். நனைத்து முடிக்கும் முன் முதல் சாக்கு காய்ந்தது. சித்திரைத் திருவிழாவின்போது எங்கள் தெருவில் கால் வைக்க இடமில்லை, பேருந்துகளையும் திருப்பிவிட்டார்கள். இரண்டு நாள் நான் வீட்டைவிட்டு வர முடியவில்லை. மூன்றாம் நாள் வந்தபோது வயதான கன்னி நாய் ஒன்று செத்துக் கிடந்தது. சமையல் அம்மாள் தனியாகக் குழி தோண்டிக்கொண்டிருந்தார். நான் மண்வெட்டியை வாங்கிக்கொண்டேன். அவர் முந்தானையால் கழுத்தைத் துடைத்தபடி, "அந்த வெங்காய வண்டிக்காரரு வந்தாரு டீச்சர்," என்றார். "எட்டி நின்னு பாத்துட்டு, ரெண்டு குடம் தண்ணி மோந்து ஊத்திட்டுப் போனாரு."

"உள்ளே விட்டீர்களா?"

"தொட்டி வெளியதான இருக்கு? நாயிட்ட அண்டல. நீங்க வைய மாட்டீகனு தெரிஞ்சா நானே விட்டுருப்பேன்."

அவர் தொடர்ந்து வந்தார். எல்லா ஞாயிறும் இல்லை, லோடு இல்லாத ஞாயிறுகளில். ஆடிக் காற்றில் புழுதி சுவராக எழுந்து வரும்போதும் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு வேலிக்கு அப்பால் நின்றார். ஒவ்வொரு முறையும் செவலை அதே போலத் தரையோடு படுத்தாள். அவர் அரை மணி நேரம் நிற்பார். ஒரு வார்த்தை பேச மாட்டார். அவர் போன பின்னும் அவள் எழுந்திருக்க மாட்டாள். வெயில் மேலே ஏறி முதுகில் விழும்வரை கிடப்பாள். ஆவணியில் நான் ஒரு காரியம் செய்தேன். ஞாயிறுதோறும் காலையிலேயே அவளைப் பின்கொட்டகையில் அடைத்துவிட்டேன். அவளைக் காப்பாற்றுவதாக நினைத்துத்தான்.

கால் நன்றாகக் கூடியிருந்தது, சிறு நொண்டல் மட்டும். ஆனால் அவள் தேய்ந்துகொண்டே வந்தாள். டாக்டர் இரத்தம் எடுத்துப் பார்த்தார். "எதுவும் இல்லை மேம். குணமாகிவிட்டாள் என்றுதான் காகிதம் சொல்கிறது." வீடு கிடைத்தால் தேறுவாள் என்று முடிவு செய்தோம். புரட்டாசியில் தல்லாகுளத்திலிருந்து ஒரு கணவனும் மனைவியும் வந்தார்கள். உயரமான சுற்றுச்சுவர், மொட்டை மாடி, வீட்டில் யாரும் அதட்டிப் பேசுவதில்லை. நானே போய்ப் பார்த்துவிட்டுக் கொடுத்தேன். பதினோராம் நாள் காரில் கொண்டுவந்து இறக்கினார்கள். அந்தப் பெண்ணின் கண் சிவந்திருந்தது.

"வாசல் கேட்டைப் பார்த்தே படுத்துக்கிடக்குது ஆன்ட்டி. கையில் ஊட்டினால் முகத்தைத் திருப்பிக்குது. எங்களைப் பிடிக்கலை போல."

நான் கயிற்றை வாங்கிக்கொண்டேன்.

அடுத்த ஞாயிறு, வேலியருகே நின்றவரிடம் போனேன். எனக்கு அப்போது முட்டிவலி, அந்த வாரத்தில் கூண்டுக்கு இரண்டு நாய்கள் புதிதாக வந்திருந்தன, உறக்கம் போதவில்லை. இவற்றைக் காரணமாகச் சொல்லவில்லை. இவையும் இருந்தன என்கிறேன்.

"இனி வராதீர்கள். நீங்கள் வந்து போவதால்தான் அவள் தேற மாட்டேன் என்கிறாள்."

அவர் வேலிக்கம்பியைப் பிடித்தார். "நெசமாவா டீச்சரம்மா?"

"நிஜமாகத்தான்."

"அப்ப வரலைங்க," என்றார். அதன்பின் வரவில்லை.

ஐப்பசி மழையில் உண்ணி பெருகியது. காது மடலுக்குள், விரலிடுக்கில், ஒவ்வொன்றாகப் பிடுங்கி மண்ணெண்ணெயில் போடுவது என் பிற்பகல் வேலையானது. தீபாவளி வெடிக்கு நாய்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடந்தன. செவலை மட்டும் தனியாகக் கிடந்தாள். கார்த்திகைத் தொடக்கத்தில் அவளுக்கு உண்ணிக் காய்ச்சல் கண்டது. மற்ற நாய்கள் ஒரு வாரத்தில் எழுந்துவிடும் காய்ச்சல்தான். இவள் மாத்திரையை உமிழ்ந்தாள், சோற்றை மறுத்தாள். ஈறு வெளுத்தது. டாக்டர் நரம்பில் மருந்தும் குளுக்கோசும் ஏற்றினார். மறுநாளே, ஒரு புதன்கிழமை, அவளுக்காகவே வந்து பார்த்தார். என்னோடு கொட்டகைக்கு வெளியே வந்து கையுறைகளைக் கழற்றினார்.

"மருந்து வேலை செய்கிறது மேம். ஆனால் வயிற்றுக்குள் ஏதாவது போக வேண்டும். இப்படியே போனால் இன்னும் நாலைந்து நாள்தான்."

அவர் போன பின் நான் கொட்டகை வாசலில் உட்கார்ந்துவிட்டேன். சமையல் அம்மாள் காபி கொண்டுவந்து வைத்தார். வழக்கமாகப் போய்விடுவார், அன்று எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"ஒன்னு கேக்குறேன், தப்பா எடுத்துக்காதீக. அந்த அண்ணனை ஏன் வர வேணாம்னு சொன்னீக?"

"அவரைக் கண்டாலே நடுங்குகிறதே, நீங்களும்தானே பார்த்தீர்கள்?"

"நடுங்கும்தான். பயத்துலயா நடுங்குச்சு?" அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "எங்கண்ணன்க ரெண்டு பேரு இந்த நாய் வச்சிருந்தவுக. பயந்த நாய்க்கு வாலு எங்க போகும்?"

"கால்களுக்கு நடுவே."

"இதுக்கு?"

எட்டு மாதங்களை ஒவ்வொரு ஞாயிறாகத் திருப்பினேன். ஒட்டிய காதுகள், மண்ணில் மோவாய், நடுங்கும் தோள். அதற்குப் பின்னால், நான் ஒருமுறைகூட உற்றுப் பார்க்காத வால், கோடு போட்டதுபோல நேராக, மண்ணில் நீண்டு கிடந்தது.

"பழக்குன நாயி டீச்சர். ஆளக் கண்டதும் துள்ளக் கூடாது, கத்தக் கூடாது. படுக்கணும். அவுக சொன்னாத்தான் எந்திரிக்கணும். வரப்புல அப்பிடிப் படுத்தாத்தான முயலுக்குத் தெரியாது? வெளியாளு கையில வாங்கித் திங்கவும் விட மாட்டாக, வெசம் வச்சுருவாகன்னு. நடுங்குறது, எப்படா சொல்லுவாகன்னு."

"இதை ஏன் அப்போதே சொல்லவில்லை?"

"ஆத்தாடி! இம்புட்டு நோட்டு எழுதுறீக. படிச்சவுக, தெரிஞ்சுதான் செய்யிறீகன்னு நெனச்சேன்."

நான் காபியைக் குடிக்கவில்லை. அவரை எப்படி அழைப்பது? பெயர் தெரியாது, ஊர் தெரியாது, எண் இல்லை. கேட்கக்கூடாது என்று விதி செய்தவள் நான்தான். திருமங்கலத்துக்கு அங்கிட்டு, வெங்காயம், குட்டியானை, இவ்வளவே கையிலிருந்தது.

மறுநாள் காலை பேருந்தேறித் திருமங்கலம் போனேன். சந்தைக்குப் பக்கத்தில் சுமைவண்டிகள் வரிசையாக நின்றன. ஓட்டுநர்கள் ஒரு வண்டியின் பின்கதவுப் பலகையை இறக்கி விட்டு அதன்மேல் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். வெங்காயம் ஏற்றுகிறவர், நாற்பது வயது, செவலை நிறத்தில் வேட்டை நாய் வைத்திருந்தவர் என்று சொன்னேன். எனக்குப் பின்னால் ஜீப் ஏதாவது வருகிறதா என்று ஒருவர் எட்டிப் பார்த்தார்.

"நாயா? எங்க பக்கம் நாயே கெடையாதுக்கா."

"கோழிகூட வளக்குறது இல்ல," என்றார் இன்னொருவர். "மாப்ள, நீ வளக்குறியா?"

"நானா? எங்க வீட்ல என்னயே வளக்க மாட்டேங்குறாக."

சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை என்பதைப் பார்த்து நிறுத்தினார்கள்.

"நான் வனத்துறை இல்லை," என்றேன். "சமயநல்லூர் காப்பகத்திலிருந்து வருகிறேன். அவருடைய நாய் சாகக் கிடக்கிறது. அவரை வர வேண்டாம் என்று சொன்னது நான்தான். அது தப்பு. வரச் சொல்லுங்கள்."

வயதில் மூத்த ஒருவர், தேநீர்க் குவளையைக் கவிழ்த்து வைத்துக்கொண்டே, "அப்புடி ஒரு ஆளே இங்க இல்லம்மா," என்றார். "இருந்தா சொல்றோம்." திரும்பி வரும் பேருந்தில் இடம் கிடைத்தது. ஆனாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

வெள்ளிக்கிழமை காலை கருவேல மரங்களைத் தாண்டியபோது வேப்ப மரத்தடியில் வண்டி நின்றது. பெட்டிகளில் வெங்காயம் இறக்கப்படாமல் இருந்தது. அவர் வெளிக்கூண்டின் ஓரத்தில் குந்தியிருந்தார். சமையல் அம்மாள் வேலிக்கு உள்ளே நின்றிருந்தார், சாவி இருந்தும் திறக்காமல். "நீங்க வந்துரட்டும்னு சொல்லிட்டாரு டீச்சர்."

நானே திறந்தேன். கொட்டகையில் செவலை ஒருக்களித்துக் கிடந்தாள். அவர் காலடி கேட்டதும், இருந்த பலத்தையெல்லாம் திரட்டிப் புரண்டு, மோவாயை மண்ணில் வைத்தாள். காதுகள் ஒட்டின. வால் பின்னால் நீண்டது. அவர் நான்கடி தள்ளி உட்கார்ந்து, உள்ளங்கையால் தரையை இரண்டு முறை தட்டினார்.

அவளால் எழ முடியவில்லை. முன்னங்கால்களை ஊன்றி, பின்பகுதியை இழுத்துக்கொண்டு, அந்த நான்கடியைக் கடந்தாள். அவர் முழங்காலில் தலையை வைத்தபின்தான் ஒரு சத்தம் செய்தாள். அவளிடமிருந்து நான் கேட்ட முதல் சத்தம். அவர் மடியிலிருந்த பொட்டலத்தைப் பிரித்துக் கம்பஞ்சோற்றை விரலால் மசித்தார். ஒரு கவளம். இன்னொன்று. மூன்றாவதில் டாக்டரின் மாத்திரையை வைக்கச் சொன்னேன். விழுங்கினாள்.

"ஏன் முதல் நாளே தட்டவில்லை?" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"தட்டுனா வேலியத் தாண்டிருவா டீச்சரம்மா. அன்னைக்குக் காலு கூடலையே." அவர் நிமிரவில்லை. "அப்பறம் கூடுச்சு. ஆனா விட்டுட்டுப் போனவன் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுத் தட்டுறது? ஊர்ல கேசு போடுறாகன்னு பயந்து, ராவோட ராவா இங்க கொண்டாந்து போட்டுட்டு ஓடுனவன். நீங்க சொன்னது நெசந்தானோன்னு இருந்துச்சு."

அன்றிலிருந்து அவர் தினமும் வந்தார். லோடு ஏற்றுவதற்கு முன் அல்லது இறக்கிய பின். மார்கழி பிறந்தபோது அவள் நின்று தின்றாள். பனிக்கு நாய்களுக்கெல்லாம் பழைய கம்பளிகளில் சட்டை தைத்தேன். அவளுக்குத் தைத்ததை அவர் போட்டுவிட்டார். எங்களில் யாரும் பேசாத ஒன்று கொட்டகையில் எங்களோடு உட்கார்ந்திருந்தது. ஒரு நாள் கேட்டேன்.

"வேட்டைக்குப் போவீர்களா?"

"இவ இனிமே ஓட மாட்டா. நானும் ஓட விட மாட்டேன்."

"அதைக் கேட்கவில்லை."

கம்பளிச் சட்டையின் முடிச்சை அவிழ்த்து மறுபடி கட்டினார். "வீட்ல இன்னும் ரெண்டு கெடக்கு. மாசியில ஊரே போகும். நான் போகலைன்னு சொன்னா நீங்க நம்புவீக, இவளக் குடுப்பீக. ஆனா பொய் சொல்லி இவளக் கூட்டிட்டுப் போக எனக்கு இஷ்டமில்லைங்க."

அன்று முடிவு சொல்லவில்லை. டாக்டரிடம் பேசினேன். "விதி உங்களுடையது மேம்," என்றார் அவர், கோபமில்லாமல். ஒருவருக்குக் கொடுத்தால் நாளை ஒன்பது பேர் வருவார்கள். அந்த மயிலை நாயின் வயிற்றை நானே கழுவித் தைக்கக் கொடுத்ததை மறக்கவில்லை. அந்த நாயைக் கேட்டு அழுதவர், இனி வேட்டைக்கே போக மாட்டேன் என்று சத்தியம் செய்துவிட்டுத்தான் அழைத்துப் போனார். இவர் சத்தியம் செய்யவில்லை. விதியா, இந்த நேர்மையா, எது பெரியது என்று எந்தப் புத்தகத்திலும் தேடக்கூடிய கேள்வியாக அது எனக்குத் தோன்றவில்லை. நான் களைத்திருந்தேன். களைப்பில் எடுத்த முடிவா, சரியான முடிவா என்று இன்றும் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

மார்கழி முடிவதற்குள் ஒரு காலையில் வாசலைத் திறந்து வைத்தேன். அவர் வண்டிக்குள் ஏறி உட்கார்ந்து, பக்கத்து இருக்கையை இரண்டு முறை தட்டினார். செவலை நொண்டியபடி போய் ஏறினாள். சமையல் அம்மாள் சன்னல் வழியாக ஒரு முட்டையை நீட்டினார். செவலை முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "போ, மகாராணி. கடைசி வரைக்கும் என் கையில வாங்கலைல்ல நீ!" என்று அந்த முட்டையை அவரிடம் கொடுத்தார். குறிப்பேட்டில், கடும் பயம் என்று எழுதியிருந்த பக்கங்களை நான் அடிக்கவில்லை. ஒவ்வொன்றின் ஓரத்திலும் வால் என்று எழுதி வைத்தேன்.

தை பிறந்தது. மாசியும் வந்தது. சிவராத்திரி முடிந்த மறுநாள் காலை, கருவேல மரங்களின் வளைவிலிருந்தே தாழ்ப்பாளைப் பார்த்தேன். விழுந்திருந்தது. பையைத் தோள் மாற்றிக்கொண்டேன். கிட்டே போகப் போக, கூண்டுக்குள் ஒரு கரிய நாய் தெரிந்தது. பின்னங்காலில் மூங்கில் பத்தை. வேட்டித் துணி ஒரே அகலத்தில், சுற்றுக்குச் சுற்று இடைவெளி தவறாமல்.

வண்டி வேப்ப மரத்துக்கு அப்பால் நின்றது. சன்னலில் செவலையின் நீண்ட முகம், கம்பளிச் சட்டையோடு. அவர் கூண்டில் முதுகு சாய்த்துத் தரையில் உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் எழுந்தார். கண்கள் உறங்காதவை.

நான் நின்றேன். சொல்ல வேண்டியவை நிறைய இருந்தன. அவருக்கு மட்டுமல்ல, எனக்கும். என் முட்டி வலித்தது.

"இந்தத் தடவ போட்டுட்டு ஓடலைங்க," என்றார். "விடியிறதுக்கு முன்ன வந்தேன், உக்காந்துருக்கேன். வையிறதா இருந்தா உள்ள போயி வைங்க டீச்சரம்மா. வெயில் ஏறுது, இவனால தாங்க முடியாது."

பையிலிருந்து சாவியை எடுத்தேன். எட்டு ஆண்டுகளில் அந்தக் கூண்டின் முன்னால் நின்று யாரிடமும் கேட்டிராத ஒன்றைக் கேட்டேன்.

"எப்படி அடிபட்டது? முதலிலிருந்து சொல்லுங்கள்."

அவர் தாழ்ப்பாளைத் தூக்கி, கூண்டுக்குள் கைகளை நுழைத்து நாயைத் தூக்கிக்கொண்டார். சொல்லிக்கொண்டே எனக்குப் பின்னால் வந்தார்.